கனவுக்குத் தெரியாதது

நடு ராத்திரியில் பொடிசு பாத்ரூமுக்குத்தான் போனாள். அதில் யாருக்கும் சந்தேகமே வேண்டாம். போர்வையை விலக்கினாள், கட்டிலிலிருந்து இறங்கினாள், சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள், கதவைத் தள்ளி விளக்கைப் போட்டாள். அதே வெள்ளை ஓடு, ஓரம் உடைந்த அதே சோப்புப் பெட்டி, எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிற அதே குழாய். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆறு வயதுப் பெண் இதற்கு மேல் எதைப் பார்த்து உறுதி செய்துகொள்வாள்? உட்கார்ந்தாள். இதமாக ஒரு சூடு பரவியது. அப்புறம்தான் ஓடு மெத்தையாக மாறியது, விளக்கு அணைந்தது, முதுகெல்லாம் ஈரமானது.

"நான் பாத்ரூம்லதான் போனேன்" என்று அழுதாள்.

"வாயத் திறந்தா பொய்யி" என்றாள் அவள் அம்மா, விரிப்பை உருவிக்கொண்டே. அந்த வாரத்தில் அது ஐந்தாவது விரிப்பு. பகலெல்லாம் மருந்துக் கடையில் கால் கடுக்க நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, நடு ராத்திரியில் எழுந்து விரிப்பு அலசுகிறவளிடம் போய் யாரும் நியாயம் பேச முடியாது. பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பொடிசின் அப்பா பெயிண்டர் மெத்தையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார். வீடுகளுக்கு வண்ணம் அடிப்பது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் பெயிண்டர்தான், மாமனார் வீட்டில்கூட "பெயிண்டர் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். மகள் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றுதான் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பிள்ளைகள் டாக்டரம்மாவிடம் காட்டியாயிற்று. சோதனையெல்லாம் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "உடம்புல ஒரு கோளாறும் இல்ல. சில பிள்ளைங்களுக்கு இது தாமதமாத்தான் சரியாகும். பகல்ல நல்லா தண்ணி குடிக்கட்டும், சாயங்காலத்துக்கு மேல குறைச்சுக்கட்டும். படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ போயிட்டு வரட்டும். முக்கியமா, திட்டாதீங்க. அவ வேணும்னு செய்யல." பேனாவை மூடிக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டார். "வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல இப்படி இருந்துச்சா? பெரும்பாலும் குடும்பத்துல வர்றதுதான்."

"எங்க பக்கத்துல ஒருத்தருக்கும் கிடையாது டாக்டர். இவங்க பக்கத்துலயும் இல்ல" என்று மனைவி பட்டென்று சொல்லிவிட்டாள்.

பெயிண்டர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடு பள்ளம் அடைக்கப் பூசுகிற பட்டியை ஒழுங்காகத் தேய்க்காமலே வண்ணம் அடித்திருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே ஈரம் கசிந்து ஓதம் ஏறி உப்பியிருந்தது. எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ!

பத்து வயது வரைக்கும் அவர் படுக்கையை நனைத்தவர். அவருடைய அப்பா அடிக்கவெல்லாம் மாட்டார். ஈர விரிப்பைக் கையில் கொடுத்து, வாசல் கொடியில் தெரு பார்க்கக் காயப் போடச் சொல்வார், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். விரிப்பில் நீலக் கோடு போட்டிருக்கும். இன்றைக்கும் துணிக் கடையில் யாராவது நீலக் கோடு போட்ட துணியை விரித்தால் அவர் கடையை விட்டு வெளியே வந்துவிடுவார். கட்டின மனைவியிடம் பதினோரு வருஷமாக இதைச் சொல்லவில்லை. டாக்டரம்மா முன்னாலா சொல்லப் போகிறார்?

வீட்டுக்கு வந்தால் பொடிசு அடுத்த குண்டைப் போட்டாள். "நான் சித்தி வீட்டுக்கு வரல."

இரண்டு வாரம் கழித்து வருகிற சனிக்கிழமை சித்தி மகளுக்குப் பிறந்த நாள். நாலு பெண் பிள்ளைகள் ஒரே அறையில் வரிசையாகப் படுத்துத் தூங்குவது என்று ஏற்பாடு. அந்த அறையின் கூரைக்கு வண்ணம் அடித்ததே பெயிண்டர்தான். கருநீலம் அடித்து, அதன் மேல் இருட்டில் மினுங்குகிற வண்ணத்தில் நட்சத்திரங்கள் போட்டிருந்தார். பகலில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு மல்லாந்து படுத்தால்தான் ஒவ்வொன்றாக வரும். "எத்தன நட்சத்திரம்ப்பா?" என்று ஆறு மாதமாக நச்சரித்தவள் பொடிசு. "நீயே படுத்து எண்ணிக்கோ" என்று சொல்லி வைத்தவர் அவர்.

"நட்சத்திரம் பாக்க வேணாமா?"

"எனக்கு நட்சத்திரம் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்தக் குழந்தை அந்தச் சனிக்கிழமை அந்தக் கூரைக்குக் கீழே படுத்தே ஆக வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் பெயிண்டர் முடிவு செய்துகொண்டார்.

பெயிண்டர் கையில் பிரஷ்தான் இருக்கிறது, வேறென்ன செய்வார்? அன்று ராத்திரியே மிச்சம் கிடந்த நீலத்தை எடுத்து, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் தரையில் சின்னச் சின்னப் பாதங்களாக வரைந்தார். தூக்கக் கலக்கத்தில் வழி தவறாமல் போகட்டும் என்று எண்ணம். பாதம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விரல், சுண்டு விரலுக்கு நகம் உட்பட. வேலை சுத்தம்.

காலையில் விரிப்பு ஈரம். பொடிசின் முகத்தில் மட்டும் ஒரு பெருமை. "வழி நல்லாத் தெரிஞ்சுதுப்பா. நீலக் கால் மேலயே கால் வெச்சு நடந்தேன். நேரா பாத்ரூமுக்குப் போயிட்டேன்."

"எந்தப் பாத்ரூமுக்கு?"

பொடிசு யோசித்தாள். "கனவுல இருக்கறதுக்கு" என்றாள், குரல் இறங்கி.

"நல்லா இருக்கு கூத்து! கனவுக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க" என்றாள் மனைவி. கோபத்தில்தான் ஆரம்பித்தாள், பாதி வாக்கியத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

பெயிண்டர் விடவில்லை. பாத்ரூம் கதவுக்குப் பளிச்சென்று மஞ்சள் அடித்தார். இரண்டு நாள் விரிப்பு காய்ந்திருந்தது. மூன்றாம் நாள் கனவிலும் கதவு மஞ்சளாகிவிட்டது. அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எங்கேயோ முகம் தெரியாத இன்னொரு பெயிண்டர் உட்கார்ந்துகொண்டு, இவர் அடிப்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து அடிக்கிறான். இவரை விடக் கெட்டிக்காரன், கூலியும் கேட்பதில்லை.

வழி ஒரு வாளியில் கிடைத்தது. பழைய பச்சை வாளி அடியில் விரிசல் விட்டுவிட்டது என்று மனைவி ஒரு சிவப்பு வாளி வாங்கி வந்தாள். அவள் வரும்போது பொடிசு தூங்கியாயிற்று. பச்சை வெளியே போனது, சிவப்பு உள்ளே வந்தது. காலையில் ஈர உடுப்போடு உட்கார்ந்து பொடிசு வழக்கம்போல் கனவைச் சொன்னாள்.

"பச்சை வாளி பக்கத்துல ஒரு குட்டி மேகம் உக்காந்து குளிச்சுக்கிட்டு இருந்துச்சு. தண்ணி எடுத்து ஊத்த ஊத்தக் கரைஞ்சுக்கிட்டே போச்சு. நகரு, நான் ஒண்ணுக்குப் போகணும்னேன். நகந்துச்சு."

"என்ன வாளி?" என்றார் பெயிண்டர்.

"பச்சை."

அவர் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பாத்ரூமில் நிறுத்தினார். "இது என்ன கலரு?"

பொடிசு சிவப்பு வாளியையே வெகு நேரம் பார்த்தாள். அவள் கண் மெல்ல விரிந்தது.

"கனவுக்கு நீ பாத்ததுதான் தெரியும்டா. நீ பாக்காதது அதுக்குத் தெரியவே தெரியாது" என்றார் பெயிண்டர்.

அன்றையிலிருந்து ஆட்டம் தொடங்கியது. பாத்ரூம் கதவின் உள்பக்கம், பொடிசின் கண் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம். தினமும் அவள் தூங்கின பிறகு அதில் வெள்ளையடித்து, காய்ந்ததும் புதிதாக ஒரு படம் போடுவார். சட்டம் ஒன்றே ஒன்றுதான். ராத்திரி பாத்ரூமுக்குப் போனால் உட்காருவதற்கு முன்னால் படத்தைப் பார். பார்க்காத புதுப் படமா, அப்படியானால் நிஜம், உட்கார். நேற்றுப் பார்த்த படமா, அப்படியானால் கனவு. அங்கே உட்காராதே, எழுந்திரு.

முதல் நாள் குடை பிடித்த பூனை. இரண்டாம் நாள் செருப்புப் போட்ட கெண்டி, மூக்கு நீண்ட அந்தக் காலத்து நீர்ச் செம்பு. அந்த ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. பெயிண்டரும் மனைவியும் எழுந்து உட்கார்ந்தார்கள். பாத்ரூமில் விளக்கு எரிந்தது. "கெண்டீ!" என்று ஒரு கூச்சல். அப்புறம் தண்ணீர்ச் சத்தம்.

பொடிசு வந்து இருவருக்கும் நடுவில் ஏறிப் படுத்தாள். "பூனைதான் இருந்துச்சு. நீ நேத்துப் பூனைதானேன்னு கேட்டேன். அதுக்கு வெக்கமாப் போச்சு. குடைய மடக்கி வெச்சுட்டு, கதவ நல்லாத் திறந்து விட்டு, போ போன்னு சொல்லுச்சு. அப்புறம் முழிச்சுட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். மனைவி அவள் தலையைக் கோதிக்கொண்டே இருட்டில் படுத்திருந்தாள். "இவ பொய் சொல்லலையா அப்ப?" என்று மெல்லக் கேட்டாள். பெயிண்டர் தூங்குகிறவர்போலப் புரண்டு படுத்தார்.

எல்லா நாளும் ஜெயம் என்று சொன்னால் அது கதை. இரண்டு நாள் படத்தைப் பார்க்க மறந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் எட்டு நாளில் ஆறு நாள் விரிப்பு காய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பொடிசு தானாகவே ஒரு பையில் உடுப்பு எடுத்து வைத்தாள். "நாளைக்கு நட்சத்திரம் எண்ணலாம்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அன்றைக்குப் பார்த்துத்தானா பெயிண்டருக்கு வேலை வந்து தலையில் விழ வேண்டும்? ஒரு துணிக் கடைக்கு மறுநாள் திறப்பு. இரண்டாம் கோட்டு முடிக்காமல் நகரக் கூடாது என்று முதலாளி நின்றுகொண்டே இருந்தார். பிரஷ்ஷெல்லாம் அங்கேயே ஊறப் போட்டுவிட்டு வீடு வந்து சேரும்போது பதினொன்று தாண்டிவிட்டது. சாப்பிட்ட தட்டுக்குப் பக்கத்திலேயே மேசையில் தலை வைத்தார். ஐந்தே நிமிஷம், அப்புறம் படம் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார்.

விழித்தபோது வீடு முழுக்க ஒரு மங்கலான அமைதி. மணி மூன்றோ என்னவோ. பாத்ரூம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாதி திறந்த மஞ்சள் கதவுக்கு முன்னால் பொடிசு ஒரு காலை மறு காலோடு பின்னிக்கொண்டு நின்றிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

"என்னடா நிக்கற? போ."

"மாட்டேன். உள்ள கதவுல யானை காலு கழுவிக்கிட்டு இருக்கு. அது நேத்து யானை." அவள் குரல் உடைந்தது. "எவ்வளவு நேரமா முழிக்கறேன், முழிப்பே வரலப்பா."

பெயிண்டருக்குத் தூக்கமெல்லாம் ஓடியே போயிற்று. "ஐயோ, அப்பா படம் போட மறந்துட்டேன்மா. இது கனவு இல்ல, நிஜந்தான். போ, போய் உக்காரு."

"கனவுல வர்ற அப்பாவும் அப்படித்தான் சொல்வாரு."

"கிள்ளிப் பாரு, வலிக்குதா?"

"கனவுலயும் வலிக்கும்."

அவர் போட்ட சட்டம் அவர் காலையே வாரிவிட்டது. வரையலாம் என்றால் பிரஷ் இல்லை. தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கலாம். ஆனால் படம் புதிதாக இல்லாவிட்டால் உட்காராதே என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தானே! இப்போது அவளை வற்புறுத்தினால், நாளை ராத்திரி அவள் எதை நம்புவாள்?

"எனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லுங்க. சீக்கிரம்" என்று பொடிசு கெஞ்சினாள். இரண்டு காலும் நடுங்கின. "அப்பத்தான் நம்புவேன்."

பெயிண்டர் வாயைத் திறந்தார். கடல், ரயில், யானைக்கு எத்தனை பல் என்று எதை எதையோ தேடினார். அவசரத்தில் ஒன்று நாக்கில் வருமா? ஒன்றே ஒன்றுதான் வந்தது. இத்தனை வருஷமாக எத்தனை கோட்டு அடித்தும் மறையாமல், ஓதம்போல உள்ளேயே இருந்த ஒன்று.

அவர் அவளுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். "அப்பாவும் படுக்கைய நனைச்சவன்தான்மா. பத்து வயசு வரைக்கும்."

பொடிசு அசையாமல் பார்த்தாள்.

"நீலக் கோடு போட்ட விரிப்பு. காலையில தாத்தா அத என் கையில குடுத்து, தெருவுல போறவங்க பாக்கற மாதிரி காயப் போடச் சொல்வாரு. நான் போடுவேன். பிள்ளைங்க எல்லாம் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போவாங்க."

"அழுதீங்களா?"

"அழுதேன். ரொம்ப." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பொடிசு அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டின ஈரத்தைப் பார்த்தாள். "இது எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு திரும்பி ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினாள்.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எந்தப் பாட்டையும் பெயிண்டர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

திரும்பினால், பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் மடித்த விரிப்பு. மாற்றிப் போட வேண்டியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"டாக்டர் அத்தன தடவ கேட்டாங்களே" என்றாள்.

"ஒரு தடவதான் கேட்டாங்க."

"பேசாதீங்க. பதினோரு வருஷம்! கல்லுளிமங்கன் மாதிரி இருந்துட்டீங்களே. நான் அவள பொய்யி பொய்யின்னு கரிச்சுக் கொட்டினப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் விரிப்பை அவர் மடியில் போட்டாள். "கண்ணத் துடைங்க. அது காய்ஞ்ச விரிப்புதான்" என்றாள்.

சனிக்கிழமை சித்தி வீட்டு வாசலில் பையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது பொடிசுக்குப் புதுக் கவலை. "இங்க கதவுல படம் இருக்காதே?"

"படம் எதுக்கு? சித்திய எழுப்பு. உனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லச் சொல்லு. முடிஞ்சுது." சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று ராத்திரி வீட்டில் மனைவி தூங்கினாள், அவர் தூங்கவில்லை.

ஞாயிறு காலை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மாடிக் கம்பியில், தெரு பார்க்க, ஒரு விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. நனைத்து அலசின விரிப்பு. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாசலில் விழுந்தது. அதைத் தாண்டி உள்ளே போக அவருக்குக் கால் வரவில்லை.

சித்திதான் வெளியே வந்தாள். "வாங்க மாமா. என்ன பொண்ணு வளத்திருக்கீங்க! ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி, எனக்குத் தெரியாதது ஏதாவது சொல்லுங்க சித்திங்கறா. தூக்கத்துல எனக்கு என்ன வரும்? கேக்கு நான் செய்யல, கடையில வாங்கினதுன்னு உளறிட்டேன். நல்லதாப் போச்சுன்னு பாத்ரூமுக்கு ஓடிட்டா. காலையில எந்திரிச்சா வீடு முழுக்க அதான் பேச்சு. என் மானமே போச்சு."

பெயிண்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பொடிசின் பையை வாங்கித் திறந்து பார்த்தார். மாற்று உடுப்பு மடித்தது மடித்தபடி இருந்தது. விரிப்பைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. குழந்தை பின்னால் ஏறி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டது, வண்டி கிளம்பியது.

"நாப்பத்தி மூணுப்பா. ரெண்டு தடவ எண்ணினேன். எண்ணிக்கிட்டே இருந்தா மேல போற மாதிரியே இருக்கு. ஒண்ணுக்கு மட்டும் வாலு இருந்துச்சு."

"அது பிரஷ் வழுக்கிடுச்சு."

"அதான் நல்லா இருந்துச்சு" என்றாள். தெரு முனை திரும்பியதும் அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்க சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லலப்பா. நீலக் கோடு விஷயம்."

"சரிடா."

"ஒரே ஒருத்திகிட்ட மட்டும் சொல்லவா? எங்ககூடப் படுத்திருந்த ரெட்டைச் சடைக்காரி ராத்திரி படுக்கைய நனைச்சுட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. கட்டிலுக்குப் பின்னாடி போய் உக்காந்து அழுதுக்கிட்டே இருந்தா. எங்கப்பாவும்தான்னு சொன்னா அழ மாட்டா. ஆனா நீங்க சொல்லாதேன்னா சொல்ல மாட்டேன்."

பெயிண்டர் வண்டியை ஓரம் கட்டினார். மாடிக் கம்பியில் பார்த்த விரிப்பு கண் முன்னால் வந்தது. இந்தத் தடவை அவருக்கு விலகிப் போகத் தோன்றவில்லை.

"அவ இன்னும் அங்கதான் இருக்காளா?"

"அவங்கப்பா மத்தியானம்தான் வருவாரு."

"நீ எதுக்குச் சொல்லணும்? நானே சொல்றேன்" என்று பெயிண்டர் வண்டியைத் திருப்பினார். போனதும் முதல் வேலையாக மாடி ஏறி, அந்த விரிப்பைத் தெருப் பக்கத்திலிருந்து எடுத்துப் பின்பக்கம் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.